வாக்குத்தத்த அட்டையும் தேற்றரவின் திருப்பணியும்

2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேலாக மழை கொட்டிற்று. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் 2011ஆம் ஆண்டின் தானே புயலையும் கண்டு பழகிய ஊர்கூட இம்மழையைக் கண்டு திகைத்தது. வெள்ளம் வடிந்த சில நாட்களுக்குப் பின், தட்டாஞ்சாவடியில், தொழிற்பேட்டைக்கு அணித்தான தெரு ஒன்றில், ஆயர் ஒருவருடன் நாம் இல்லச் சந்திப்புக்குச் சென்றிருந்தோம். ஒரு வீட்டின் சுவரில் முழங்கால் உயரத்திற்குச் சேற்றுக்கோடு படிந்திருந்தது. அக்கோட்டிற்குச் சற்று மேலே திருவசன நாள்காட்டி ஒன்று தொங்கிற்று. அதனருகே, கண்ணாடித்தாள் உறையிட்ட வாக்குத்தத்த அட்டை ஒன்று ஆணியில் மாட்டப்பட்டிருந்தது. 2023ஆம் ஆண்டின் இறுதி இரவு ஆராதனையில், தட்டிலிருந்து அவ்வீட்டுத் தாயார் எடுத்த அட்டை அது. அதில் அச்சிட்டிருந்தது 91ஆம் சங்கீதத்தின் 10ஆம் வசனம். ஆண்டவரை அடைக்கலமாகக் கொண்டவனின் இல்லத்தைத் தீங்கு நெருங்குவதில்லை என்பது அதன் கருத்து.

தொழிற்பேட்டையில் சிறு பட்டறை ஒன்றில் வேலை செய்த அவர் கணவருக்கு மழைக்கு முன்பே வேலை போயிருந்தது. இப்போது அரிசியும் பிள்ளைகளின் புத்தகங்களும் நீரில் போயின. அவர் அழவில்லை, அட்டையைச் சுட்டிக் கேட்டார்: "ஐயா, வசனம் பொய்யாகாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அப்படியானால் என் விசுவாசம்தான் பொய்யா?"

ஆயர் ஜெபித்தார். நாம் பேசாதிருந்தோம். அன்று நம்மிடம் தகுந்த மறுமொழி இல்லை. அக்கேள்விக்கு மறுமொழி காணும் முயற்சியே இக்கட்டுரை. ஒரு நூலைத் திறனாய்வு செய்வதைப் போல, நம் இறைமக்கள் எந்த நூலைக் காட்டிலும் மிகுதியாகப் படிக்கும் இச்சிற்றட்டையை இங்குத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம்.

அட்டையின் இலக்கணம்

முதலில் அட்டையின் நன்மையைக் கூறுதல் முறையாகும். திருமறை முழுவதையும் வாசிக்க நேரமோ பயிற்சியோ இல்லாத உழைப்பாளிக்கு அது ஒரு வசனத்தைக் கையில் கொடுக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் முதியவளும் அதனை மனனம் செய்துவிடுகிறாள். ஆண்டு முழுவதும் கண்முன் நிற்பதால் அது அன்றாட வாழ்வோடு கலந்துவிடுகிறது. மருத்துவமனைப் படுக்கையின் தலையணைக்கு அடியிலும், ஆட்டோவின் முகப்புக் கண்ணாடியிலும், தேர்வு எழுதும் மாணவனின் சட்டைப்பையிலும் அதனைக் காண்கிறோம். நம்முடைய அருளுரைகளில் எத்தனை அவ்வாறு ஓராண்டுக்காலம் ஒருவர் நெஞ்சில் நிற்கின்றன? இக்கேள்வியை நம்மை நாமே கேட்டுக்கொள்ளாமல் அட்டையைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

ஆயினும் இலக்கிய வடிவம் ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. அவ்விலக்கணம் தன் உள்ளடக்கத்தை ஓரளவு மாற்றியே தீரும். அட்டையின் இலக்கணத்தில் மூன்று கூறுகளைக் காண்கிறோம். ஒன்று, அது வசனத்தை அதன் அதிகாரத்திலிருந்து பிரித்தெடுக்கிறது. இரண்டு, 'நீங்கள்' என்று ஒரு மக்கட்கூட்டத்தை நோக்கிக் கூறப்பட்டதையும் 'நீ' என்று ஒருவருக்குக் கூறப்பட்டதாக ஆக்குகிறது. மூன்று, இன்பமான வசனங்களை மட்டுமே தேர்ந்தெடுக்கிறது. புலம்பலையோ, கடவுளை நோக்கிய முறையீட்டையோ அட்டையில் அச்சிட்டவர் எவரையும் நாம் கண்டதில்லை. இம்மூன்றும் சேரும்போது வாக்குத்தத்தம் என்பது முன்னறிவிப்பாக மாறிவிடுகிறது. முன்னறிவிப்பு பலிக்கும், அன்றேல் பொய்க்கும். அதற்கு வேறு வழியில்லை. தட்டாஞ்சாவடித் தாயாரின் துயரம் அவர் விசுவாசத்தின் குறையன்று. வாக்குத்தத்தத்தை முன்னறிவிப்பாக வாசிக்குமாறு நாம் அவரைப் பழக்கியதன் விளைவே அது.

91ஆம் சங்கீதம் கூறுவது

அவர் கையிலிருந்த அட்டையையே எடுத்துக்கொள்வோம். 10ஆம் வசனத்தை மட்டும் வாசிப்பவருக்குத் துன்பமே வராது என்னும் உறுதி கிடைத்ததாகத் தோன்றும். ஆனால் அதே சங்கீதத்தின் 15ஆம் வசனம், ஆபத்தில் அவனோடு தாம் இருப்பதாக ஆண்டவர் கூறுவதாக அமைந்துள்ளது. ஆபத்தே நேராது எனில், ஆபத்தில் உடனிருப்பதற்கு இடமேது? ஆகவே அச்சங்கீதம் துன்பமற்ற வாழ்வைப் பேசவில்லை. துன்பத்தின் நடுவிலும் கைவிடப்படாத வாழ்வைப் பேசுகிறது. 10ஆம் வசனத்தின் பொருளை 15ஆம் வசனமே வரையறை செய்கிறது. ஐந்து வசனங்கள் தள்ளிப் படித்திருந்தால் அத்தாயாரின் கேள்விக்கு அச்சங்கீதத்திலேயே விடையின் தொடக்கம் இருந்தது. அட்டையின் அளவு அதற்கு இடம் தரவில்லை.

இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. இதே சங்கீதத்தின் 11, 12ஆம் வசனங்களைத் தனியே பிரித்தெடுத்து மேற்கோள் காட்டியவன் ஒருவன் உண்டு. தேவாலயத்தின் உப்பரிகையில் நம் ஆண்டவரை நிறுத்திய சோதனைக்காரனே அவன் (மத்தேயு 4:5-7). அவன் காட்டிய வசனத்தில் பொய் ஏதுமில்லை. அதனைக் கையாண்ட முறையில்தான் பொய் இருந்தது. இயேசு அவனுக்கு மறுமொழியாக வேறொரு வேதவாக்கியத்தை அதனருகே வைத்தார். வசனத்தைத் தனியே நிற்கவிடாமல் வேறொரு வசனத்தின் துணையோடு நிறுத்துதல், வேத விளக்கத்தின் முதல் ஒழுங்கென இதிலிருந்து கற்கிறோம்.

பொதுச் செப நூலின் முறைப்படி சங்கீதங்களை ஒரு திங்களில் வாசித்து முடிப்போர், 17ஆம் நாள் காலையில் 88ஆம் சங்கீதத்தை வாசிப்பர். சங்கீதங்களுள் மிகவும் இருண்டது அதுவே. இறுதியிலும் அதில் ஒளிக்கீற்று இல்லை. மறுநாள் காலை 91ஆம் சங்கீதம் வருகிறது. நம் முன்னோர் வகுத்த அம்முறையில், அடைக்கலத்தின் பாட்டுக்கு வரும் ஒருவர் முதலில் இருளின் பாட்டைக் கடந்தே வரவேண்டும். அட்டைத் தட்டிலோ 91 மட்டுமே இருக்கிறது, 88 இல்லை.

அனனியாவின் இரண்டு ஆண்டுகள்

நம் நாட்டுத் திருச்சபைகளில் அட்டைகளிலும் சுவரொட்டிகளிலும் பெரிதும் காணப்படும் வசனம் எரேமியா 29:11 எனலாம். ஆண்டவர் தம் மக்கள்பால் கொண்டுள்ளவை தீமைக்கான எண்ணங்களல்ல, நல்வாழ்வுக்கான எண்ணங்களே என்பது அதன் செய்தி. தேர்வுக்கும் திருமணத்திற்கும் வெளிநாட்டு வேலைக்கும் இவ்வசனம் பயன்படுகிறது. இதன் பின்னணியை இறையியல் மாணவர் அறிவர். ஆயினும் பிரசங்க மேடையில் அதனைச் சொல்வதற்கு ஏனோ தயங்குகிறோம்.

அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன மக்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தின் ஒரு பகுதி. 11ஆம் வசனத்திற்கு முந்திய வசனம் எழுபது ஆண்டுகள் என்று காலம் குறிக்கிறது. அக்கடிதத்தைக் கையில் வாங்கிய முதியோர் எவரும் தாம் ஊர் திரும்புவோம் என்று எதிர்பார்க்க இயலாது. அப்படியிருக்க அவர்களுக்கு அளிக்கப்பட்ட ஆறுதல் எது? வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், நீங்கள் வாழும் அந்நிய நகரின் நலனுக்காக மன்றாடுங்கள் என்பதே. அன்றாடக் கடமைகளைச் செய்துகொண்டே நெடுங்காலம் காத்திருக்கும் வலிமை அது.

இதற்கு முந்திய அதிகாரத்தில் வேறொரு தீர்க்கதரிசி நிற்கிறான். அவன் பெயர் அனனியா. இரண்டே ஆண்டுகளில் யாவும் திரும்பி வரும் என்று அவன் ஆலயத்தில் அறிவித்தான். மக்கள் விரும்பிக் கேட்டிருக்கக்கூடிய செய்தி அது. எரேமியா உடனே அவனை இகழவில்லை. ஆமென், ஆண்டவர் அவ்வாறே செய்வாராக என்றுதான் முதலில் கூறினார். ஏனெனில் அவருக்கும் அது நிறைவேற வேண்டுமென்ற ஏக்கம் இருந்தது. ஆனால் உண்மை வேறாக இருந்தது. அனனியா அளித்தது ஆறுதலைப் போன்றதொரு பொய். எரேமியா அளித்தது கடுமையைப் போன்றதோர் ஆறுதல்.

29:11ஐ அதன் எழுபது ஆண்டுகளிலிருந்து பிரித்து, வருகிற டிசம்பருக்குள் நிறைவேறப்போவதாக அட்டையில் அச்சிடும்போது, நாம் எரேமியாவின் சொற்களை அனனியாவின் குரலில் பேசுகிறோம். இதனை நாம் கடுமையாகவே கூறுகிறோம். ஏனெனில் இக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

தேற்றரவு என்னும் சொல்

ஆறுதல் என்று நாம் எதனைக் கருதுகிறோம் என்பதை இங்கு ஆராய்தல் தகும். புதிய ஏற்பாட்டில் பராக்கலேசிஸ் என்னும் கிரேக்கச் சொற்குடும்பம் 2 கொரிந்தியர் 1:3-7 ஆகிய ஐந்தே வசனங்களில் பத்து முறை வருகிறது. அதன் வேர்ப்பொருள் அருகில் அழைத்தல் என்பது. நம் பழைய மொழிபெயர்ப்பாளர் இச்சொல்லை ஒரே தமிழ்ச்சொல்லால் பெயர்க்கவில்லை. கொரிந்தியர் நிருபத்தில் அது ஆறுதல். ரோமர் 12:8இல் புத்திசொல்லுதல். யோவான் 14:16இல் ஆவியானவர் தேற்றரவாளன். 1 யோவான் 2:1இல் கிறிஸ்து பரிந்து பேசுகிறவர். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் யோவான் நற்செய்தியில் துணையாளர் என்று பெயர்த்தது. இது மொழிபெயர்ப்பாளரின் தடுமாற்றமன்று. ஒரு கிரேக்கச் சொல்லின் பல முகங்களைத் தமிழ் தனித்தனியே காட்டுகிறது என்றே கொள்ள வேண்டும். அழும்போது உடனிருத்தல், தளரும்போது அறிவுறுத்துதல், குற்றம் சாட்டப்படும்போது பரிந்து பேசுதல் ஆகிய யாவும் அதில் அடங்கும். அட்டை இவற்றுள் எதையும் தானே செய்ய இயலாது. இவையனைத்தும் ஓர் ஆள் செய்யும் வேலைகள்.

தமிழ்ச்சொற்களும் நமக்குப் பாடம் கூறுகின்றன. ஆறுதல் என்பது சூடு தணிதலையும் புண் குணமாதலையும் குறிக்கும் சொல். இரண்டுமே காலம் எடுத்துக்கொள்வன. தேறுதல் என்பதோ தெளிதல். கலங்கிய நீரைத் தெளிய வைக்க நம் வீடுகளில் தேற்றாங்கொட்டையைப் பயன்படுத்தினர். பானையின் உட்புறத்தில் அக்கொட்டையை இழைத்து, நீரை ஊற்றிக் காத்திருப்பர். கலங்கல் மெல்லப் படியும். கொட்டையைப் பானைக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டால் நீர் தெளியாது. வசனமும் அத்தகையதே. வாழ்வின் உட்புறத்தில், துயரம் கிடக்கும் அவ்விடத்திலேயே அது இழைக்கப்பட வேண்டும். சுவரில் தொங்கும் வரையில் அது வெளியே கட்டிய கொட்டையே.

அப்போஸ்தலர் நடபடிகளில் ஆறுதலின் மகன் என்று பெயர் பெற்றவர் பர்னபா. அவர் கூறிய ஆறுதல்மொழிகளுள் ஒன்றையும் லூக்கா நமக்குப் பதிவு செய்து தரவில்லை. அவர் செய்தவற்றையே கூறுகிறார். நிலத்தை விற்றுப் பணத்தை அப்போஸ்தலர் பாதத்தில் வைத்தார். எருசலேமில் எவரும் நம்பாத சவுலைத் தாம் சேர்த்துக்கொண்டு அறிமுகம் செய்தார். பாதிவழியில் விட்டுச்சென்ற மாற்கிற்கு, பவுலோடு பிணங்கியும், மறுவாய்ப்பு அளித்தார். ஆறுதலுக்கு இதனினும் தெளிவான விளக்கவுரை வேண்டுவதில்லை.

ஹெர்ன்ஹுட் காட்டும் வழி

நாள்தோறும் ஒரு வசனம் என்னும் வழக்கத்தின் வரலாறே நமக்கு உதவக்கூடும். செர்மனியிலுள்ள ஹெர்ன்ஹுட் என்னும் சிற்றூரில், 1728ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், சின்சென்டார்ஃப் பிரபு சபையாருக்கு மறுநாளுக்கென ஒரு வாக்கை அளித்தார். அன்றுமுதல் நாள்தோறும் ஒரு சகோதரர் அன்றைய வாக்கை வீடு வீடாக எடுத்துச் சென்றார். அவர் வசனத்தைச் சொல்வதோடு நின்றுவிடவில்லை. அவ்வீட்டாரின் நிலையையும் விசாரித்து வந்தார். 1731ஆம் ஆண்டுக்கென முதன்முதலாக அவை நூலாக அச்சிடப்பட்டன. அம்மரபைச் சேர்ந்த மொரேவியச் சகோதரர் 1760இல் புதுச்சேரிக்குத் தெற்கேயுள்ள தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறினர்.

அந்நூல் இன்றளவும் ஆண்டுதோறும் வெளிவருகிறது. அதில் இரண்டு வசனங்கள் உண்டு. பழைய ஏற்பாட்டு வசனம் சீட்டுப்போட்டு எடுக்கப்படுகிறது. புதிய ஏற்பாட்டு வசனமோ அதற்குப் பொருந்துமாறு ஆய்ந்து தெரிந்தெடுக்கப்படுகிறது. முன்னையது கொடை, பின்னையது விளக்கம். தற்செயலாக வந்ததைக் கிறிஸ்துவின் ஒளியில் வாசிக்கும் பொறுப்பு அம்முறையிலேயே அமைந்துள்ளது. அத்துடன், தொடக்கத்தில் அவ்வாக்கோடு ஓர் ஆளும் வாசலுக்கு வந்தார். நாம் அம்மரபிலிருந்து சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். துணை வசனத்தையும் வாசலுக்கு வரும் சகோதரரையும் விட்டுவிட்டோம்.

புதுச்சேரியின் அச்சுப்பொறி

மொரேவியர் தரங்கம்பாடிக்கு வந்த மறு ஆண்டு புதுச்சேரியில் நிகழ்ந்ததையும் இவ்விடத்தில் நினைவுகூர்வோம். 1761 சனவரியில், நெடிய முற்றுகைக்கும் பஞ்சத்திற்கும் பின், லாலி தளபதி ஆங்கிலேயரிடம் புதுச்சேரியை ஒப்படைத்தார். வெற்றி பெற்றோர் எடுத்துச்சென்ற பொருள்களுள் ஓர் அச்சுப்பொறியும் இருந்தது. அது சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, வேப்பேரியிலிருந்த லுத்தரன் மிஷனெரி யோகான் பிலிப் பப்ரீசியுசின் பொறுப்பில் விடப்பட்டது. வேப்பேரி அச்சகம் அவ்வாறே தோன்றிற்று. அவருடைய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1772இலும், அகராதி 1779இலும் அங்கு வெளிவந்தன. செர்மன் மொழியின் ஞானப்பாட்டுகள் பலவற்றை அவர் தமிழாக்கினார். லுத்தரன் சபைகளில் இழவு வீட்டிலும் நோயாளியின் படுக்கையருகிலும் அவை பாடப்பட்டு வந்துள்ளன.

இச்செய்தியைப் புதுச்சேரிக்கு வாய்த்த பெருமையாக நாம் கூறவில்லை. அது கொள்ளைப்பொருள்; பட்டினியால் வாடிய நகரிலிருந்து எடுத்துச்செல்லப்பட்டது. பப்ரீசியுசும் போரின் கொடுமையை அறியாதவரல்லர். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோதும், 1758இல் லாலியின் படை வந்தபோதும் அவர் பழவேற்காட்டில் அடைக்கலம் தேட நேர்ந்தது. அவருடைய இறுதிக்காலமும் ஒளிமயமாக இல்லை. பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தைக் கடனாகக் கொடுத்து இழந்தார். முதுமையில் கடனாளியாகச் சிறையிலும் இருந்தார். 1788இல் கெரிக்கே அவருடைய பணியை ஏற்றுக்கொண்டார். 1791இல் பப்ரீசியுஸ் உயிர்நீத்தார்.

அட்டையின் இலக்கணப்படி இவருடைய வாழ்வைக் கணக்கிட்டால் வாக்குத்தத்தம் பொய்த்த வாழ்வு என்றுதான் கூறவேண்டும். அவர் செய்த பிழையை மறைக்கவும் வேண்டுவதில்லை; பணக்காரியத்தில் அவர் தவறினார். ஆயினும் அவர் தமிழுக்குக் கொணர்ந்த ஆறுதல் நிலைத்தது. ஏனெனில் அப்பாட்டுகளின் மரபே துயரத்தில் பிறந்தது. அம்மரபின் தலைசிறந்த கவிஞரான பவுல் கெர்கார்ட் (1607-1676) முப்பதாண்டுப் போரின் நடுவே வளர்ந்தவர். தம் ஐந்து பிள்ளைகளுள் நால்வரைப் புதைத்தவர். அப்பாட்டுகள் துன்பம் வராது என்று கூறுவதில்லை; வந்துவிட்ட துன்பத்தின் நடுவில் நின்று பாடுகின்றன. மேலும், பாட்டைச் சபை கூடிப் பாடுகிறது. தன் குரல் எழாத நாளில் ஒருவர் அடுத்திருப்பவரின் குரலில் சாய்ந்துகொள்ளலாம். அட்டையை எடுத்தவரோ தனியே எடுக்கிறார். அது பொய்த்ததாகத் தோன்றும்போது தனியே கலங்குகிறார்.

ஒரு மறுப்பு

இவ்வளவும் கேட்ட ஓர் ஆயர் நம்மைப் பார்த்து இவ்வாறு வினவக்கூடும்: "ஏழையின் கையில் இருப்பது ஒரு வசனம், அதையும் பிடுங்கிக்கொள்வீர்களோ? உங்கள் ஆய்வுமுறைகள் எவருடைய கண்ணீரைத் துடைத்தன?"

இம்மறுப்பை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. இறையியற் கல்லூரியிலிருந்து வெளிவரும் இளம் ஆயர்கள், எரேமியா 29இன் காலத்தையும் மூலத்தையும் நன்றாக விளக்கிவிட்டு, ஆறுதலென்று ஒரு சொல்லும் கூறாமல் மேடையிலிருந்து இறங்குவதை நாம் கண்டதுண்டு. அவ்வருளுரை கேட்டு வீடு திரும்பும் விதவை, வழியில் செழிப்பின் நற்செய்தியாளர் எவருடைய கூடாரத்திலாவது நுழைந்தால், அவளைக் குற்றம் கூற நமக்கு வாயில்லை. பசித்தவன் கல்லையும் கடித்துப்பார்ப்பான். அனனியாக்கள் பெருகுவதற்கு எரேமியாக்களின் மௌனமும் ஒரு காரணம்.

ஆகவே நாம் வசனத்தைப் பிடுங்கச் சொல்லவில்லை. அதன் அதிகாரத்தை அதற்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறோம். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியமாகத் தமிழில் வடித்த கதைக்கு மூலம், ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட நூல். பனியனின் கதையில், வழிப்போக்கர் இருவர் அவநம்பிக்கை என்னும் அரக்கனின் இருட்டறையில் அடைபடுகின்றனர். புதன்கிழமை காலை முதல் சனிக்கிழமை இரவு வரை அவர்களுக்கு உணவில்லை, ஒளியில்லை. சனிக்கிழமை நள்ளிரவில் இருவரும் சேர்ந்து மன்றாடத் தொடங்குகின்றனர். விடியுமுன் ஒருவன் தன் மார்பில் ஒரு திறவுகோல் இருப்பதை நினைவுகூர்கிறான். அதன் பெயர் வாக்குத்தத்தம். பனியன் அத்திறவுகோலைச் சிறைக்கதவுக்கென்றே படைத்தார். இருட்டறைக்குள் செல்லாதபடி காக்கும் தாயத்தாக அதனைப் படைக்கவில்லை. அத்திறவுகோல் நினைவுக்கு வந்ததும் தனிமையிலன்று. உடன்பயணியோடு மன்றாடிய இரவில். பனியன் தாமும் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்தவராதலின் இதனை அறிந்து எழுதினார் எனலாம்.

செய்யத்தக்கவை

திறனாய்வு குறைகூறலோடு முடியலாகாது. ஆயர்களும் மாணவர்களும் எண்ணிப்பார்க்கத்தக்க சிலவற்றை இங்குக் கூறுகிறோம்.

ஆண்டிறுதி ஆராதனையில் அட்டை வழங்கும் வழக்கத்தை ஒரே நாளில் நிறுத்த வேண்டுவதில்லை. ஆனால் வசனத்தின் கீழே அது இடம்பெறும் முழுப்பகுதியையும் குறிப்பிட்டு, அதனை வீட்டார் கூடி வாசிக்கும்படி கேட்டுக்கொள்ளலாம். அட்டைகளுள் புலம்பலின் வசனங்களும் இடம்பெறட்டும். இறைவனின் இரக்கம் விடியல்தோறும் புதிதாகிறது என்று அறிக்கையிடும் புலம்பல் 3ஆம் அதிகாரம், எரிந்துபோன எருசலேமின் சாம்பலில் அமர்ந்து எழுதப்பட்டது என்பதைச் சபை அறியட்டும். ஆண்டு முழுமைக்கும் ஓர் உறுதி என்பதைக் காட்டிலும் அன்றன்றைக்குரிய அளவு என்பதே திருமறையின் போக்கு. மன்னா ஒரு நாளைக்கே அளந்து கொடுக்கப்பட்டது. சேர்த்து வைத்தது புழுத்தது. நம் ஆண்டவர் கற்பித்த ஜெபமும் அன்றைய அப்பத்தையே கேட்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டின் தொடக்கத்தில் அட்டை கொடுத்த ஆயர், ஆண்டின் நடுவில் அவ்வீட்டுக்குச் சென்று, அவ்வசனம் அங்கு எப்படியிருக்கிறது என்று கேட்கட்டும். ஹெர்ன்ஹுட்டின் சகோதரர் நாள்தோறும் செய்ததை நாம் ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்யலாகாதா? வெள்ளம் வந்தபோது அத்தாயாருக்கு முதலில் தேவைப்பட்டது வேத விளக்கமன்று. அரிசியும் பாயும் பிள்ளைகளுக்குப் புத்தகமும். பர்னபா அவற்றைக் கொண்டுவந்திருப்பார். அதன் பின்னரே பேசியிருப்பார்.

அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் நாம் மறுபடியும் தட்டாஞ்சாவடிக்குச் சென்றோம். இம்முறை சபையின் பெண்கள் சிலரும் எம்முடன் வந்தனர். அவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. 88ஆம் சங்கீதத்தை முதலிலும் 91ஆம் சங்கீதத்தை அடுத்தும், இடையில் எதுவும் பேசாமல், முழுமையாக வாசித்தோம். முதற்சங்கீதம் முடிந்ததும் அத்தாயார் கேட்டார்: "ஐயா, இப்படியும் வேதத்தில் இருக்கிறதா?" இருக்கிறது என்றோம். இரண்டாவது சங்கீதத்தின் 15ஆம் வசனத்தை மட்டும் மீண்டும் ஒருமுறை வாசிக்கச் சொன்னார். பின்னர் நெடுநேரம் அழுதார். முன்பு வந்தபோது அவர் அழவில்லை என்பதை அப்போதுதான் நினைத்துக்கொண்டோம்.

அவர் கணவருக்கு அன்றும் வேலை கிடைத்திருக்கவில்லை. அட்டையை அவர் கழற்றவுமில்லை. சேற்றுக்கோட்டுக்கு மேலே, அதே ஆணியில் அது இருந்தது. அட்டையின் ஓரத்தில், எழுதுகோலால், 15 என்ற எண்ணை மட்டும் எழுதி வைத்தார். அவர் முன்பு கேட்ட கேள்விக்கு நாம் தேடிய மறுமொழி அதுவே எனக் கருதுகிறோம். வசனமும் பொய்யன்று, அவர் விசுவாசமும் பொய்யன்று. நாம் அவருக்கு அச்சங்கீதத்தில் பாதியை மட்டுமே கொடுத்திருந்தோம். மறுபாதியைக் கொண்டுசெல்லும் கடமை இன்னும் எத்தனையோ வீடுகளுக்கு நம்மிடம் நிலுவையில் இருக்கிறது.